கோயில் கலை விழா அழைப்பிதழ், பேனர், வாட்ஸாப் சேதி: மாற்றுத்திறனாளிகளுக்கும் போய்ச் சேர என்ன செய்யணும்?

குடமுருட்டி

வணக்கம். பாபநாசம் வட்டத்தில் ஒரு கிராமத்துக் கோயிலில் சிவராத்திரியை ஒட்டி நாலு நாள் கலை விழா. முதல் நாள் நாதஸ்வரக் கச்சேரி, அடுத்த இரண்டு நாள் பரதம், கடைசி நாள் ராத்திரி பாகவத மேளா என்ற இசை நாட்டிய நாடகம். விளம்பர வேலை என் பொறுப்பு. வழக்கமாகச் செய்வது: ஆறு பக்க அழைப்பிதழ் 1000 படி, எட்டு ஃப்ளெக்ஸ், இரண்டு நாள் ஆட்டோ மைக், வாட்ஸாப் குழுக்களில் அழைப்பிதழின் படம், ஃபேஸ்புக்கில் அதே படம்.

பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் எல்லோருக்கும் சேதி போய்ச் சேரணும், வந்தால் என்ன இருக்கும் என்று தெரிந்துகொண்டே வரணும் என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. இதற்கென்று 15,000 ரூபாய் தனியாக ஒதுக்கியிருக்கிறோம். ஏழு வாரம் இருக்கிறது. எதை முதலில் செய்யணும்? அச்சகத்தில் என்ன சொல்லி வாங்கணும்? பிரெயிலில் அழைப்பிதழ் அடிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார், அது சரியா?

வெண்ணாறு

நல்ல முடிவு. பணத்தைத் தொடுவதற்கு முன், செலவே இல்லாத ஒரு வேலை. அழைப்பிதழில் இருக்கிற அத்தனை சேதியையும் யூனிகோடு எழுத்தில் (எந்தப் போனும் கணினியும் தமிழாகவே படிக்கும் எழுத்து முறை) தட்டச்சு செய்து ஒரே கோப்பாக வையுங்கள். வாட்ஸாப், ஃபேஸ்புக், பிரெயில், சைகை மொழி வீடியோ, ஆட்டோ அறிவிப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம். தேதியோ நேரமோ மாறினால் அங்கே முதலில் திருத்துங்கள். இல்லாவிட்டால் பேனரில் ஒரு நேரம், வாட்ஸாப்பில் ஒரு நேரம் என்று ஆகிவிடும். பேனரைப் பார்க்க முடியாதவருக்குத் தன்னிடம் வந்தது பழைய நேரம் என்று தெரிய வழியே இருக்காது.

அழைப்பிதழைப் படமாக அனுப்பினால் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைப் பார்வையற்றவருக்குக் குரலில் படிக்கும் மென்பொருள்) பெரும்பாலும் ‘படம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துப் படிக்கும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் நம் ஊர் அழைப்பிதழில் சாமி படத்தின் மேலேயே எழுத்து, எழுத்துக்கு வெள்ளைக் கரை, கரைக்கு நிழல். செயலி அதில் தடுமாறும்.

பிடிஎஃப் அனுப்பினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அச்சகங்களில் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி வகை எழுத்துருவும் ஓடுகின்றன. பாமினியில் கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில விசை. ‘தமிழ்’ என்று தெரிவது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். அச்சகத்துக் கோப்பிலிருந்து எடுத்தே ஆகணும் என்றால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றி உண்டு. மாற்றிய பின் வரிக்கு வரி பாருங்கள். பாமினி வரிக்குள் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல், இணைய முகவரி எல்லாம் அர்த்தமில்லாத தமிழெழுத்தாக மாறியிருக்கும். நான்கு நாள் நிகழ்ச்சிதான் என்பதால் புதிதாகத் தட்டச்சு செய்வது இதைவிடச் சீக்கிரம் முடியும்.

வாட்ஸாப்பில் படம் போடுங்கள், தப்பில்லை. படத்தின் கீழே எழுதும் இடத்தில் முழுச் சேதியையும் எழுத்தாகவும் போடுங்கள். முதல் வரியிலேயே என்ன, எங்கே, எந்த நாள், எத்தனை மணி என்பது வந்துவிடணும். ‘அன்புடையீர்’, ‘நிகழும் மங்களகரமான’ என்று ஆரம்பித்தால் காதால் கேட்பவர் அரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும். வரி நடுவில் பூ, விளக்கு, கும்பிடு கைப் படங்களைத் தோரணமாகக் கட்டாதீர்கள். பத்து விளக்கு போட்டால் ‘விளக்கு’ என்று பத்து முறை படிக்கக்கூடும். தேதியைப் புள்ளி வைத்து எண்ணாக மட்டும் எழுதாமல் மாதத்தின் பெயரையும் கிழமையையும் எழுதுங்கள். ‘மா. 6.30’ வேண்டாம், ‘மாலை 6.30 மணி’ என்றே இருக்கட்டும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் படத்துக்கு ‘மாற்று உரை’ எழுத இடம் இருக்கிறது. அதில் முழு நிகழ்ச்சி நிரலையும் திணிக்காதீர்கள். ‘விழா அழைப்பிதழ். மேலே கோயில் கோபுரம், கீழே நடனமாடும் இரு பெண்கள். முழு விவரம் பதிவில் எழுத்தாக உள்ளது’ என்றால் போதும். ஹேஷ்டேக் போட்டால் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு (_) இடுங்கள். ஒட்டி எழுதினால் ஒரே நீளச் சொல்லாக உச்சரித்துவிடும்.

அனுப்புவதற்கு முன் சோதனை: ஆண்ட்ராய்டு போனில் அணுகல்தன்மை அமைப்புக்குள் டாக்பேக் என்ற திரைவாசிப்பானை இயக்குங்கள், கூகுள் பேச்சுச் சேவையில் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் தேய்த்தால் அடுத்த உருப்படி, இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் சேதியிலிருந்து நாளையும் தொலைபேசி எண்ணையும் எடுக்க முடிகிறதா பாருங்கள். கணினியில் என்றால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். இது முதல் சல்லடைதான். அதன்பின் தினமும் திரைவாசிப்பான் பயன்படுத்தும் இரண்டு பேரிடம் காட்டி, அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். 15,000-ல் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

அச்சுக்கோவை

அச்சு, பேனர் பற்றி நான் சொல்கிறேன்.

அழைப்பிதழில் நிகழ்ச்சி விவரப் பக்கம் ஒன்றையாவது 16 முதல் 18 புள்ளி (பாயிண்ட்) எழுத்தில் அமையுங்கள். ஆறு பக்கமும் அப்படி அமையாது என்றால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் தனித் தாளாக 150 படி அடித்து உள்ளே செருகலாம். முதியவர்கள் அதைத்தான் சுவரில் ஒட்டி வைப்பார்கள். பளபளக்கும் ஆர்ட் பேப்பர் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டால் எழுத்து மறையும். பளபளப்பில்லாத மேப்லித்தோ தாள் போதும், விலையும் குறைவு. வரி இடைவெளியை எழுத்தளவில் ஒன்றரை மடங்காவது வையுங்கள். மேல் வரியின் ‘ழு’ ‘கூ’ வால்களும் கீழ் வரியின் ‘கி’ ‘கீ’ வளைவுகளும் மோதினால் பார்வை குறைந்தவருக்கு இரண்டு வரியும் ஒன்றாகிவிடும். வரிகளை இரு ஓரமும் சமமாக வரும்படி இழுத்து நிரப்பாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நடுவில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும்.

நிறம்தான் பெரிய சிக்கல். இணைய அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தபட்ச வெளிச்ச மாறுபாடு கேட்கின்றன. அச்சுக்கும் அதையே அளவாக எடுத்துக்கொள்ளலாம். நம் பேனர்களில் வழக்கமாகப் போடுவதைத் திரை நிறத்தில் கணக்கிட்டால்: நீலத்தின் மேல் சிவப்பு சுமார் 2.1:1. பச்சையின் மேல் சிவப்பு 1.3:1, அதாவது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, அதோடு சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு முழுக்கவே மறையும். சிவப்பின் மேல் மஞ்சள் 3.7:1, தலைப்புக்கு மட்டும் ஓடும். அதே மஞ்சளை அரக்குச் சிவப்பின் மேல் போட்டால் 10:1. மங்கலமும் போகவில்லை, எழுத்தும் தெரிகிறது. வெள்ளையில் கருநீலம் 16:1. எழுத்து இருக்கும் இடத்தில் படமோ நிறக் கலவையோ ஓடாமல் ஒரே நிறப் பட்டையாக விடச் சொல்லுங்கள்.

ஃப்ளெக்ஸ் எழுத்துயரத்துக்கு எளிய கணக்கு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம். கடைத்தெருவில் எதிர்ச் சாரியிலிருந்து 40 அடி என்றால் 4 அங்குலம். பார்வை குறைந்தவரையும் எண்ணினால் அதன் இரட்டிப்பு. கொம்பையும் வளைவையும் சேர்த்து அளக்காதீர்கள், ‘ப’ ‘ட’ போன்ற எழுத்தின் உயரம்தான் கணக்கு. இடம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், விழாக் குழுவினர் முகங்களைக் குறைத்தால் வரும். இதைக் குழுவில் பேசி முடித்துவிட்டு அச்சகத்துக்குப் போங்கள், இல்லாவிட்டால் கடைசி நாளில் எழுத்துதான் சுருங்கும்.

பேனர் கட்டும் இடமும் முக்கியம். நடைபாதைக்கு மேல் இடுப்பளவிலோ முகத்தளவிலோ தொங்கும் பேனரை வெள்ளைக் கோல் கண்டுபிடிக்காது. கோல் தரையைத்தான் துழாவும், பேனர் விளிம்பு முகத்தில் இடிக்கும். ஒன்று, கீழ் விளிம்பு 7 அடிக்கு மேல் இருக்கணும். இல்லை, தரைவரை இறங்கியிருக்கணும். சவுக்குக் கம்பை நடைபாதை நடுவில் நடக் கூடாது.

கியூஆர் குறி போட்டால் 2.5 செ.மீ.க்குக் குறையாமல், எல்லாத் தாளிலும் வலது கீழ் மூலையில். அந்த மூலையை மட்டும் வெட்டிவிட்டால் விரலால் தடவியே எங்கே இருக்கிறது என்று தெரியும். குறி திறப்பது எழுத்துப் பக்கமாக இருக்கட்டும், மறுபடி அழைப்பிதழ்ப் படமாக இருந்தால் பயனில்லை. வாட்ஸாப்பில் கியூஆர் அனுப்பாதீர்கள். ஒரே போன் வைத்திருப்பவர் அதை எதால் படிப்பார்? இணைப்பாகவே போடுங்கள்.

பிரெயில் பற்றி என் கருத்து: வேண்டும், ஆனால் 1000 அழைப்பிதழுக்குச் சமமாக அல்ல. ஒரு பிரெயில் பக்கத்தில் 40 செல் (ஓர் எழுத்துக்கான புள்ளிக் கட்டம்) வீதம் 25 வரி, அவ்வளவுதான் இடம். தமிழில் ‘கி’, ‘கோ’ போன்ற உயிர்மெய் இரண்டு செல் எடுக்கும். அதனால் வாழ்த்துரை, உபயதாரர் பட்டியல் எல்லாம் போட்டால் கட்டுப் புத்தகமாகிவிடும். நிகழ்ச்சி நிரலும் இட விவரமும் மட்டும் இரண்டு தாளில். பார்வையற்றோர் பள்ளியிலும் சங்கங்களிலும் கேட்டு எத்தனை பேர் பிரெயில் விரும்புகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அத்தனை படி அடியுங்கள். பிரெயில் கட்டுகளுக்கு இந்திய அஞ்சலில் தரைவழிக்குக் கட்டணம் இல்லை, 7 கிலோ வரை. மடித்தால் புள்ளி அமுங்கிவிடும், அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்புங்கள்.

குடமுருட்டி

மிக்க நன்றி இருவருக்கும். அரக்கு மஞ்சள் யோசனையைக் குழுவில் உடனே ஏற்றுக்கொண்டார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் வைத்தால் எந்த நாளுக்கு வைப்பது? நாதஸ்வரக் கச்சேரிக்குக் காது கேளாதவர்களை அழைப்பது பொருத்தமா என்று ஒரு தயக்கம் இருக்கிறது. ஆட்டோ அறிவிப்பில் ஏதாவது மாற்றணுமா?

அரசலாற்றங்கரை

தயக்கம் வேண்டாம் ஐயா. எது பொருத்தம் என்று அவர்கள் முடிவு செய்யட்டும். நீங்கள் விவரத்தைக் கொடுங்கள். தவிலின் அதிர்வைப் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சில் உணர்பவர்கள் இருக்கிறார்கள். காதுக்கருவி போட்டுக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜெனரேட்டரிலிருந்தும் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்தும் தள்ளி, மேடைக்கு நேராக இடம் வேண்டும். கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

மொழிபெயர்ப்பாளரை ஒரே நாளுக்குத்தான் வைக்க முடியும் என்றால் பாகவத மேளாவுக்கு வையுங்கள். வசனமும் கதையும் அதில்தான் அதிகம். மேலட்டூர், சாலியமங்கலம் ஊர்களின் மரபில் நாடகம் தெலுங்கில். ஊர்க்காரர்களுக்கே கதைச் சுருக்கம் தேவைப்படும். காட்சிவாரியாக ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதினால் கேளாதவர்களுக்கு, மொழி தெரியாதவர்களுக்கு, மொழிபெயர்ப்பாளருக்கு எல்லோருக்கும் ஆகும். மொழிபெயர்ப்பாளருக்கு அதை இரண்டு வாரம் முன்பே கொடுங்கள். இரணியன், பிரகலாதன் போன்ற பெயர்களுக்கு என்ன சைகை என்பதை அவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள்.

ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் செய்தால் கையும் மூளையும் களைத்து, சொல் விடுபடத் தொடங்கும். மாறி மாறிச் செய்வார்கள். மேடைக்கு ஓரமாக, பார்ப்பவர் தலையைத் திருப்பாமலே நடிகரையும் கையையும் சேர்த்துப் பார்க்கும்படி நிற்க வைத்து, அவர்கள் மேல் தனி விளக்கு ஒன்று போடுங்கள். மேடை விளக்கை அணைத்துக் காட்சி மாற்றும்போது இந்த விளக்கு அணையக் கூடாது. இதை லைட் போடுபவரிடம் முதல் நாளே சொல்லணும், பெரும்பாலும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். எதிரே முதல் இரண்டு வரிசையை ஒதுக்கி, அந்த இடத்தை அழைப்பிதழிலும் எழுதுங்கள். ‘சைகை மொழிபெயர்ப்பு உண்டு’ என்று பொதுவாகப் போட்டால் நாலு நாளும் உண்டு என்று நினைத்து வருவார்கள். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று இருக்கணும்.

அழைப்பு வீடியோ ஒன்று செய்யுங்கள், ஒரு நிமிடம் போதும். பிறவியிலிருந்து கேளாத பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி, நீளமான தமிழ் வாக்கியம் சிரமம் தரும். சைகை மொழிக்கென்று தனி இலக்கணம் இருப்பதால் தமிழைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டினாலும் புரியாது. கேளாதவர் ஒருவரே சைகையில் பேசினால் நல்லது. இடுப்புக்கு மேல் முழுதும் தெரியணும், கை விரிக்கும்போது வீடியோவின் ஓரத்துக்கு வெளியே போகக் கூடாது. பின்னால் ஒரே நிறச் சுவர், தோல் நிறத்திலிருந்து வேறுபடும் கோடில்லாத சட்டை. எழுத்து வரிகளையும் அடியில் போடுங்கள். வாட்ஸாப்புக்குப் போகும் வீடியோவில் எழுத்து வீடியோவோடேயே பதிந்திருக்கணும், தனி வசனக் கோப்பு அங்கே கூடப் போகாது. யூடியூபுக்கு எஸ்ஆர்டி என்ற வசனக் கோப்பாகத் தனியே ஏற்றலாம். ஒரு முறைக்கு இரண்டு வரி, கருப்புப் பட்டை மேல் வெள்ளை எழுத்து. இசை வரும் இடத்தில் ‘நாதஸ்வரம் ஒலிக்கிறது’ என்றும் எழுதுங்கள்.

தொடர்பு எண் கொடுக்கும்போது ‘அழைக்கவும்’ என்று மட்டும் போட்டால் கேளாதவர் வெளியே நிற்பார். ‘பேசலாம், வாட்ஸாப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம்’ என்று மூன்றையும் எழுதி, அந்த எண்ணுக்கு நிஜமாகவே பதில் சொல்ல ஒரு ஆளை வையுங்கள்.

கல்லணை_கால்வாய்

ஆட்டோ அறிவிப்பு பார்வையற்றவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் நம் பகுதியில் இன்னமும் வலுவான வழி. பதிவுக்குப் பின்னால் நாதஸ்வரத்தை ஓட விடுவதுதான் கெடுக்கிறது. நாதஸ்வரமும் குரலும் ஒன்றையொன்று விழுங்கும். முதல் 5 விநாடி இசை, பிறகு குரல் மட்டும், முடிவில் மறுபடி இசை. ஓடுகிற ஆட்டோவின் சத்தம் ஒருவர் காதில் கொஞ்ச நேரம்தான் விழும். எனவே ஊர், நாள், நேரம் மூன்றையும் ஒரே மூச்சில், திரும்பத் திரும்ப. தெருமுனையில் ஒரு நிமிடம் நிறுத்தி, தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக இரண்டு முறை சொல்லச் சொல்லுங்கள். அதே பதிவைக் குரல் செய்தியாக வாட்ஸாப்பிலும் போடலாம். திருச்சி, காரைக்கால் வானொலிகளுக்கும் உள்ளூர் நாளிதழ்களின் ‘இன்றைய நிகழ்ச்சி’ பகுதிக்கும் மூன்று வாரம் முன்பே எழுத்துக் கோப்பை அனுப்புங்கள்.

இனி இட விவரம். இதை யாரும் எழுதுவதில்லை, வருவதா வேண்டாமா என்று ஒருவர் முடிவு செய்வது இதை வைத்துத்தான். அளவுநாடாவுடன் போய் அளந்து எழுதுங்கள். ஒரு மாதிரி:

‘பேருந்து நிறுத்தத்திலிருந்து கோயில் 300 மீட்டர், தார்ச்சாலை, கடைசி 40 மீட்டர் மண். ஆட்டோ வாசல் வரை வரும். கிழக்கு வாசலில் 2 படி, ஒவ்வொன்றும் 15 செ.மீ. வடக்கு வாசலில் பலகைச் சரிவு உண்டு, அகலம் 120 செ.மீ. உள்ளே கருங்கல் தளம், செருப்பு அணிய முடியாது. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செயற்கைக் கால், காலிபர் (காலைத் தாங்கும் கம்பிப் பட்டை) ஆகியவற்றுடன் வரலாம் என்று கோயில் நிர்வாகம் சம்மதித்துள்ளது. தரையில் பாய், பின்னால் 60 நாற்காலி. மேற்கத்திய வகைக் கழிப்பறை பள்ளிக்கூடத்தில், 150 மீட்டர், வாசல் அகலம் 90 செ.மீ. இரவு 8 மணிக்கு அதிர்வேட்டு உண்டு. நிகழ்ச்சி 10 மணிக்கு முடியும்.’

சரிவுக்கு 1:12 கணக்கு, அதாவது உயரத்தைப் போல 12 மடங்கு நீளம். 2 படி சேர்த்து 30 செ.மீ. உயரம் என்றால் பலகை 3.6 மீட்டர் நீளம் வேண்டும். பந்தல்காரர் ஒன்றரை மீட்டர் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போவார், அதில் நாற்காலி பின்னால் கவிழும். செருப்பு விஷயத்தை நிர்வாகத்திடம் முன்பே பேசி எழுத்தில் வாங்கி, வாசலில் நிற்கும் காவலருக்கும் சொல்லி வையுங்கள். அழைப்பிதழில் அனுமதி, வாசலில் தடுப்பு என்று ஆனால் வந்தவருக்கு அவமானம்.

முடியும் நேரத்தை எழுதுவது கடைசி டவுன் பஸ்ஸுக்காக. அதிர்வேட்டு நேரம் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக. முன்னாடியே தெரிந்தால் அந்தப் பத்து நிமிடம் பிள்ளையை வெளியே அழைத்துப் போய்விடுவார்கள். சத்தமில்லாத ஒரு அறை, பள்ளி வகுப்பறையாகக்கூட இருக்கலாம், ஒதுக்கினால் அதையும் எழுதுங்கள்.

பரதத்துக்குப் பார்வையற்றவர்களை அழைத்தால், ஆரம்பிப்பதற்கு 30 நிமிடம் முன் சலங்கை, தலைசாமான், விசிறி மடிப்புப் புடவை இவற்றைத் தொட்டுப் பார்க்க ஏற்பாடு செய்யலாம், கலைஞர்களிடம் கேட்டுக்கொண்டு. முத்திரைகளைக் கையால் செய்து காட்டலாம். மேளாவில் நரசிம்மர் முகமூடி பூசைக்குரியது, அதைத் தொடக் கேட்காதீர்கள். அளவு, நிறம், நாக்கு, பிடரி என்று சொல்லால் விவரியுங்கள். ஆட்டத்தின்போது பக்கத்தில் ஒருவர் தணிந்த குரலில், பாட்டு வரி முடிந்த இடைவெளியில் மட்டும் விவரிக்கலாம். போன் வழியாக ஒலிபரப்பலாம் என்று திட்டமிட வேண்டாம். திருவிழாக் கூட்டத்தில் சிக்னல் விழுந்துவிடும், வந்தாலும் பேச்சு ஆட்டத்துக்குப் பின்தங்கும். ஐந்தாறு பேர் என்றால் பக்கத்தில் உட்காருவதே போதும். கூடினால் சுற்றுலா வழிகாட்டிகள் பயன்படுத்தும் கம்பியில்லா ஒலிக்கருவியை வாடகைக்குப் பாருங்கள். இந்த ஏற்பாட்டுக்கு முன்பதிவு வேண்டும், அழைப்பிதழில் கடைசி நாளைப் போடுங்கள்.

எல்லாம் தயாரானதும் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குக் கடிதத்தோடு கொடுங்கள். 2016 உரிமைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலையை மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கதாக்கும் பொறுப்பை அரசுக்குத் தருகிறது. அதைக் குறிப்பிட்டுச் சேதியைச் சங்கங்களுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் பரப்பச் சொல்லிக் கேளுங்கள். மூன்று வாரமாவது முன்பு போகணும். துணைக்கு ஆளும் வண்டியும் ஏற்பாடு செய்துதான் பலரால் வர முடியும்.

குடமுருட்டி

இட விவரத்தை நாளையே அளக்கப் போகிறோம். ஒரு கடைசிக் கேள்வி. அழைப்பிதழ் முகப்பில் சக்கர நாற்காலிச் சின்னம் போடலாமா?

வெண்ணாறு

வண்டி நிற்கும் இடம், வாசல், உட்காரும் இடம், கழிப்பறை நான்கும் பிறர் தூக்காமல் போய்வரும்படி இருந்தால் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் சின்னம் வேண்டாம், மேலே உள்ள மாதிரி அளவுகளை எழுத்தில் போடுங்கள். பள்ளிக்கூடக் கழிப்பறைச் சாவி ராத்திரி யாரிடம் இருக்கும், அவர் எண் என்ன என்பதையும் சேர்த்து.